நோயாளி விரும்பும் மருத்துவமனை

தள்ளி ஒக்காருங்க தம்பி, பைல் மடங்குது. போதும் போதும், கால் வைக்க எடம் இருந்தா சரி. ஜன்னலோரம் நானே ஒக்காந்துக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. முன்னாடி லேடீஸ் சீட்டுல, ஊதாப் புடவை, கறுப்புக் கண்ணாடி போட்டுகினு ஒரு அம்மா இருக்குதே, அது நம்ம வீட்டம்மா. நவநீதம். இங்கேர்ந்து பாத்தா தலை தெரியும். அதுக்குத்தான்.

நீங்க பட்டாளம்தானே? எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னு பாக்கறீங்களா? பையை சீட்டுக்கு அடியில தள்ளும்போது வாரை உள்ள மடிச்சி வச்சீங்க பாருங்க. சிவிலியன் எவனும் அப்பிடி வைக்கமாட்டான். ரிட்டயராயி எப்ப வந்தீங்க? பிப்ரவரியிலயா? அப்ப ரிட்டயர்டு பட்டாளத்துக்காரங்களுக்குக் குடுக்கற வைத்தியக் கார்டு இன்னும் கைக்கு வந்திருக்காது. அதுக்குத்தான் பாலிகிளினிக் போறீங்க. நாங்களும் அங்கதான். கடைசி ஸ்டாப்பு. முக்கா மணி நேரம் ஆவும், பேசிகினே போலாம்.

நான் எதிராஜ். ஆனரரி நாயப் சுபேதார், ரிட்டயர்டு. இருபத்திநாலு வருஷம் சப்ளையில இருந்தேன். ஸ்டோர். பூட்ஸு, கம்பளி, மெஸ் டின், கொசுவலை, எல்லாம் என் கவுன்டரத் தாண்டித்தான் போவணும். ஒம்பதாம் நம்பர் கால் இருக்கறவன் வந்து நிப்பான். கையில எட்டாம் நம்பர் பூட்ஸுதான் இருக்கும். எடுத்து வைப்பேன். 'சாப், கடிக்குது'ம்பான். 'கால் பழகிக்கும், கையெழுத்து போடு'ம்பேன். போட்டுட்டுப் போவான். கால் பழகிக்கும் தம்பி. ஒருத்தன் கூட திரும்பி வந்ததில்ல.

கார்டு வாங்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், மனசுல வச்சிக்குங்க. கார்டு வந்துட்டா வைத்தியம் நடந்துடும்னு நெனைக்காதீங்க. எங்க வைத்தியம் பாக்கறதுன்னு யாரு முடிவு பண்றது? அதான் கேள்வி. சளி, காய்ச்சல்னா பாலிகிளினிக்லயே டாக்டர் பாத்து மாத்திரை குடுத்துடுவாங்க. பெரிய வைத்தியம்னா வெளி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. அதுக்கு ஒரு லிஸ்ட் இருக்குது. அந்த லிஸ்ட்ல எது வேணும்னு நாம சொல்லணும். நாம. அவங்க இல்ல. பாலிகிளினிக் செவுத்துல, தண்ணி பில்டருக்கு மேல, போர்டே மாட்டியிருக்குது. 'நோயாளி விரும்பும் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கலாம்.' அங்க வந்து தண்ணி குடிச்ச பட்டாளத்துக்காரன் எத்தினி பேரு? எவனாவது தலையத் தூக்கி அதப் படிச்சானா? நான் படிச்சேன். தம்ளரக் கீழ வச்சிட்டு மூணு தடவை படிச்சேன்.

தோ, இந்த பைல் அதான். இருநூத்திப் பதினாலு பக்கம். தூக்கிப் பாருங்க. பாத்து, கயிறு அவுந்துடப் போவுது.

ஆரம்பம் எங்கன்னா, வீட்டம்மா கண்ணுலதான். சுகரு இருக்குது அவளுக்கு, பன்னெண்டு வருஷமா. ஜனவரியில ஒரு நாள், 'ஏங்க, ஒட்டடை தொங்கறா மாதிரி இருக்குது'ன்னா. நான் கம்பு எடுத்து வீடு பூரா ஒட்டடை அடிச்சேன். சாமி ரூம்லேர்ந்து மாட்டுக் கொட்டாய் வரைக்கும். ரெண்டு நாள் கழிச்சி, 'வீட்டுல இல்லீங்க, என் வலது கண்ணுல'ன்னா. மொதல்லயே வெவரமா சொல்லணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. இவங்களுக்கு ரிப்போர்ட் பண்ணத் தெரியாது.

பாலிகிளினிக் இட்டுகினு போனேன். ஜனவரி ஒம்பது. அங்க இருக்கறது மேஜர் டாக்டரம்மா, அவங்களும் ரிட்டயர்டுதான், நல்ல மாதிரி. கண்ணுல லைட் அடிச்சிப் பாத்துட்டு, 'சுகரால உள்ள ரத்தம் கசியுது சாப். கண்ணுல ஊசி போடணும், லேசர் வைக்கணும். இந்த வாரமே போயிடுங்க'ன்னாங்க. சரின்னேன். வெளிய கம்ப்யூட்டர் டேபிள்ல ரோஸ்லின்னு ஒரு பொண்ணு. டக்கு டக்குன்னு அடிச்சி, தாளை இஸ்து, என் கையில குடுத்துடுச்சி. பாக்கறேன், ஆஸ்பத்திரி பேரு அடிச்சிருக்குது. இந்த ரூட்ல பாலத்தாண்ட ஒரு கண்ணாஸ்பத்திரி வரும், பாலத்து ஆஸ்பத்திரின்னுவாங்க, அது.

'இத யாரும்மா முடிவு பண்ணது?'ன்னு கேட்டேன்.

'எல்லாரும் அங்கதான் போறாங்க ஐயா. நல்லா பாக்கறாங்க. பஸ்ஸு வாசல்லயே நிக்கும்'னுது.

'நல்லா பாக்கறாங்களான்னு நான் கேக்கல. யாரு முடிவு பண்ணதுன்னு கேட்டேன்.'

பொண்ணு நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லக் கூடாது. 'வேற எது வேணும்னு சொல்லுங்க ஐயா, இப்பவே மாத்தி அடிச்சிக் குடுத்துடறேன்'னுச்சி. மாத்தி அடிக்கறதா தம்பி பிரச்சனை? கேக்காம அடிச்சியே, அதான பிரச்சனை! நான் போர்டக் காட்டினேன். தாளை டேபிள் மேலயே திருப்பி வச்சேன். வீட்டம்மா பக்கத்துலதான் நின்னுகினு இருந்தா. 'வாங்கிக்கங்களேன்'னு சட்டையப் புடிச்சி இஸ்தா. 'கம்முனு இரு, உனக்கு ரூல் தெரியாது'ன்னு சொல்லி இட்டுகினு வந்துட்டேன்.

அன்னைக்கே லெட்டர் எழுதினேன். பாலிகிளினிக் இன்சார்ஜுக்கு ஒண்ணு, நகல் மேல ஆபீசுக்கு, நகல் அதுக்கும் மேல. நேரா மேல எழுதியிருக்கலாம், சீக்கிரம் நடந்திருக்கும். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல? கீழேர்ந்து படிப்படியா போவணும். ஒரு படிக்குப் பதினஞ்சி நாள் டைம் குடுத்தேன். பதில் வரலன்னா நினைவூட்டல் லெட்டர். அதுக்கும் வரலன்னா அடுத்த படி. பிப்ரவரி, மார்ச் பூரா அதே வேலை. ராத்திரி பகல்னு பாக்கல.

வீட்டுல கஷ்டம் இருந்தது, இல்லன்னு சொல்லல. டீ ஊத்தினா பாதி தம்ளர்ல, பாதி மேடையில. அரிசியில கல்லு. கோலத்துல புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். ஒரு நாள் ரசத்துல சர்க்கரை. நான் கம்முனு சாப்ட்டுட்டேன். ஆனா அப்பிடியே விட்டுடல தம்பி. ஸ்டோர்ல இருந்தவன் நான். தகரத்துல எழுத்து வெட்டி, டப்பா டப்பாவா கறுப்பு பெயின்ட் அடிச்சேன். 'உப்பு'. 'சர்க்கரை'. 'து. பருப்பு'. ஒவ்வொரு எழுத்தும் இத்தாம் பெருசு. வாசப்படி விளிம்புல செவப்பு டேப் ஒட்டினேன். அந்த விஷயத்துல நான் ஒரு கொறையும் வைக்கல. அவ ஒரு நாள் டப்பாவக் கையால தடவிப் பாத்துகினு நின்னா. 'தெரியுதா?'ன்னேன். 'பெயின்ட் நல்லா ஒட்டியிருக்குது'ன்னா.

ஒரே ஒரு தடவை, மார்ச்லன்னு நெனைக்கறேன், துணி மடிச்சிகினே கேட்டா. 'பாலத்து ஆஸ்பத்திரிக்கே போயிடலாமே. மாசா மாசம் ஊசின்னாங்க. அங்கன்னா பஸ்ஸு வாசல்ல நிக்குது. நானே போயி நானே வந்துடுவேன். உங்கள எதிர்பாக்க வேணாம்'னா.

எனக்குக் கோவம் வந்துடுச்சி. நீ தனியா போறதுக்கா நான் இத்தினி லெட்டர் போட்டுகினு இருக்கேன்? உன் உரிமைக்குத்தானே ஒருத்தன் ஒத்தையில நின்னு போராடறான்? பாலத்து ஆஸ்பத்திரி நல்லா இருக்கலாம், கெட்டும் இருக்கலாம். அவங்க சொல்லி நாம போவக்கூடாது. அவ்ளோதான் விஷயம். அப்பறம் அவ அதப் பத்திப் பேசல. புரிஞ்சிகினா.

ஏப்ரல் பதினெட்டு. ஆர்டர் வந்துடுச்சி தம்பி! மேல ஆபீஸ்லேர்ந்து, சீல் வச்சி. 'இனிமேல் ஒவ்வொரு நோயாளியிடமும் விருப்பத்தை எழுத்து மூலம் பெற வேண்டும்.' அதுக்குன்னு தனியா ஒரு ஃபாரம், தமிழ்லயே அடிச்சாங்க. நீங்க இன்னைக்குப் போனீங்கன்னா டேபிள் மேல கட்டுக் கட்டா இருக்கும், பாருங்க. அது நான் வாங்கிக் குடுத்தது. எதிராஜ் வாங்கிக் குடுத்தான்னு யாரும் சொல்லமாட்டாங்க, நீங்களாவது தெரிஞ்சிக்குங்க. அன்னைக்கு போஸ்ட்மேனுக்கு காபி போடச் சொன்னேன். அவளுக்கு ஆர்டரப் படிச்சிக் காட்டினேன், நகல் போனவங்க பேரு வரைக்கும். முழுசும் கேட்டா. 'ரொம்ப சந்தோஷம். எப்ப போறோம்?'னா.

மறுநாளே போனோம். டாக்டரம்மா எழுந்து கை குடுத்தாங்க. 'ஜெயிச்சிட்டீங்க சாப், இந்தாங்க, எழுதுங்க'ன்னு ஃபாரத்த நீட்டினாங்க. மேல அவ பேரு, கார்டு நம்பர், நோய், டாக்டரம்மா கையெழுத்து. கீழ ஒரு கட்டம், அத ரொப்பிட்டா நேரா அந்த ஆஸ்பத்திரிக்கே எடுத்துகினு போவலாம். 'நோயாளி விரும்பும் மருத்துவமனை.' காலியா இருந்தது.

பேனாவத் தெறந்தேன்.

தம்பி, நீங்களும் பட்டாளத்துல இருந்தவரு, உங்ககிட்ட சொன்னா புரியும். பதினெட்டு வயசுல லைன்ல நிக்கவச்சி, நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்னு பிரிச்சாங்க. அதுலேர்ந்து எங்க போவணும், எப்ப எழுந்துக்கணும், இன்னா சாப்புடணும், எப்ப லீவு, எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும். பனியில போட்டான், போனேன். பாலைவனத்துல போட்டான், போனேன். காலையில ஒடம்பு சரியில்லன்னு ரிப்போர்ட் பண்ணா, படுக்கறதா டூட்டிக்குப் போறதான்னு டாக்டர் எழுதுவாரு. நமக்கு எப்பிடி இருக்குதுன்னு கூட அவருதான் சொல்லணும். உனக்கு எது வேணும்னு ஒரு ஜென்மம் என்னைக் கேட்டதில்ல. திடீர்னு கேட்டா?

இருபது நிமிஷம் நின்னேன். லைன்ல பின்னாடி ஆளுங்க முணுமுணுக்கறாங்க. கடைசியில, 'டாக்டர், நீங்களே ஒண்ணு எழுதிடுங்களேன், எதுவா இருந்தாலும் சரி'ன்னேன். அந்தம்மா என்னப் பாத்தாங்க. 'நான் எழுதக் கூடாதுன்னுதான் ஆர்டர் வாங்கிகினு வந்திருக்கீங்க'ன்னாங்க. ரோஸ்லின் கீழ குனிஞ்சி எதையோ தேடிச்சி. சிரிக்குதுன்னு எனக்குத் தெரியும்.

சரி, அவசரப்பட்டு எழுதக் கூடாதுன்னு ஃபாரத்த வீட்டுக்கு எடுத்துகினு வந்துட்டேன்.

கண்ணுக்குன்னு லிஸ்ட்ல ஏழு ஆஸ்பத்திரி. ஏழையும் நேர்ல போயி இன்ஸ்பெக்ஷன் பண்ணேன். நோட்டு போட்டேன். மே மாசம், அக்னி வெயில். ஒரு எடத்துல தீயணைக்கற சிலிண்டர் தேதி முடிஞ்சிருந்தது. ஒரு எடத்துல லிப்ட்டு ரெண்டாவது மாடியில ரெண்டு அங்குலம் கீழ நிக்குது. ஒரு எடத்துல மருந்து குடுக்கறவன் சட்டைய இன் பண்ணல. மெட்ராஸ்ல ஒண்ணு, ஏசி, கண்ணாடிக் கதவு, எல்லாம் சரி. நர்ஸு என்ன 'தாத்தா'ன்னுச்சி. லிஸ்ட்லேர்ந்து அடிச்சிட்டேன் அந்த ஆஸ்பத்திரிய.

பாலத்து ஆஸ்பத்திரிக்கும் போனேன், விடல. காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஒக்காந்து பாத்தேன். தரை சுத்தம். கக்கூஸ் சுத்தம். டாக்டரு ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டுக் கூப்புடறாரு. ஊசி போடற ரூம் வாசல்ல ஒரு நர்ஸம்மா கையப் புடிச்சி இட்டுகினு போவுது. ஒரு குத்தமும் கண்டுபுடிக்க முடியல. அதான் எனக்கு சந்தேகமா இருந்தது. குத்தமே இல்லாத ஸ்டோர் ஒண்ணு உண்டா? இன்ஸ்பெக்ஷன் வரப்போவுதுன்னு யாரோ சொல்லியிருக்கணும்.

இன்னா தம்பி? அவளயா? அவள எதுக்கு இட்டுகினு போவணும்? கண்ணு சரியில்லாதவ, வெயில்ல அலையணுமா? வந்து படிச்சிக் காட்டினேன், போதாதா. ஏழுக்கும் மார்க் போட்டேன், சந்தேகத்துக்காகப் பாலத்து ஆஸ்பத்திரிக்கும் கொறைச்சேன். மொதல் எடத்துல மூணு ஆஸ்பத்திரி ஒரே மார்க்கு. திருப்பிக் கூட்டினேன். அப்பவும் மூணும் ஒண்ணாத்தான் வந்தது.

அதுக்குள்ள ஃபாரம் தேதி முடிஞ்சிபோச்சி.

ஜூன்ல திரும்பப் போனோம். இந்தத் தடவை டாக்டரம்மா கை குடுக்கல. லைட் அடிச்சிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. இடது கண்ண மூடச் சொல்லி, ஒரு சார்ட்ட மாட்டி இத்தாம் பெரிய எழுத்தக் காட்டினாங்க. நவநீதம், 'வெளிச்சம் தெரியுதுங்க மேடம்'னா. எழுத்து தெரியல, வெளிச்சம் தெரியுது. 'இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிடுச்சி சாப். ஜனவரியிலயே ஊசி போட்டிருந்தா வலது கண்ண நல்லாவே காப்பாத்தியிருக்கலாம். இடது கண்ணையாவது விட்டுடாதீங்க. இன்னொரு ஃபாரம் தரேன். எழுதுங்க. எதையாவது எழுதுங்க'ன்னு கத்தினாங்க. மேஜரா இருந்தவங்க, கத்தறதுக்கு உரிமை இருக்குது. நான் அட்டென்ஷன்ல நின்னேன்.

வீட்டுக்கு வந்து கட்டத்த முன்னாடி வச்சிகினு ஒக்காந்தேன். பேனாவத் தெறந்தேன், மூடினேன். உங்ககிட்ட சொல்றதுல இன்னா வெக்கம், பயம் தம்பி. வேற ஒண்ணுமில்ல, பயம். நான் ஒரு பேரு எழுதி, அங்க போயி, இருக்கற ஒரு கண்ணும் போயிடுச்சின்னா? ரோஸ்லின் அடிச்ச பேரா இருந்து, கண்ணு போச்சின்னா, ரோஸ்லின் மேல ஒரு லெட்டர் போடலாம். டாக்டர் எழுதி போச்சின்னா டாக்டர் மேல போடலாம். நான் எழுதி போச்சின்னா யாருக்குப் போடறது? நகல் யாருக்கு அனுப்பறது?

இந்த மாதிரி விஷயம்லாம் எனக்குப் பழக்கமே கெடையாது. அதெல்லாம் அவ டிபார்ட்மென்ட்டு. பெரியவன் பொறந்தப்ப நான் பனியில இருந்தேன். லெட்டர் வந்தது, பதினேழு நாள் கழிச்சி. 'ஆம்பளப் புள்ள. நான் சுகம். நீங்க கவலப்படாதீங்க.' எந்த ஆஸ்பத்திரி, யாரு கூடப் போனது, ஒண்ணும் எழுதல. நானும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியாது. சின்னவளுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது, எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது, எல்லாம் அவதான் எங்கயோ தூக்கிகினு ஓடியிருக்கா. காப்பாத்திட்டா. அப்பா கூட அப்பறம் ஒம்பது வருஷம் இருந்தாரு. எப்பிடி முடிவு பண்ணியிருப்பான்னு இப்ப நெனைக்கறேன். ஃபாரம் கூட இல்லாம.

அந்த ரெண்டாவது ஃபாரத்துக்கு நாளையோட தேதி முடியுது. அதான் இன்னைக்கிப் போறோம். எதுக்குன்னா, ஒரு சந்தேகம் கேக்கணும். கட்டத்துல 'முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம்'னு எழுதலாமான்னு. அந்த மூணு ஆஸ்பத்திரியையும் எழுதிட்டா, அதுல ஒண்ண அவங்க டிக் பண்ணிடுவாங்க. நான் முடிவு பண்ணதாவும் இருக்கும், பண்ணாததாவும் இருக்கும். தோ, லெட்டர் ரெடி. மேல பாருங்க, 'பொருள்: விளக்கம் கோருதல்.'

ஃபாரம் பைல்ல இல்ல, அவ பையில இருக்குது. காலையில கேட்டா, 'அந்தத் தாளை நான் வச்சிக்கறேன்'னு. மடிக்காம வைன்னு குடுத்தேன். இன்னைக்கு இன்னாமோ ஒரு மாதிரி சுறுசுறுப்பா கெளம்பினா. புதுப் புடவை. ஃபிளாஸ்க்குல கஞ்சி. ஒரு துண்டு. சுகர் மாத்திரை ரெண்டு வேளைக்கு. பாலிகிளினிக் போயிட்டு மத்தியானம் வரப்போறோம், ஃபிளாஸ்க்கு எதுக்குன்னேன். 'பசிக்கும்'னா. அப்பறம் என் பேனாவ வேற வாங்கினா. யாருக்கு லெட்டர்னு கேட்டேன். 'எழுதணும்'னா. கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் ரிட்டயராவற வரைக்கும் எனக்கு வாராவாரம் எழுதினவ, பழக்கம் விடலன்னு நெனைச்சிகினு குடுத்தேன். மணி மணியா எழுதுவா தம்பி. பாரக்ஸ்ல என் கூடத் தங்கியிருந்தவன்லாம் கவரு மேல இருக்கற அட்ரஸப் பாத்துட்டு, படிச்ச பொண்ணான்னு கேப்பான். அஞ்சாவதுதான்.

இன்னா, பாலம் வந்துடுச்சா? அதுக்குள்ளயா? இங்க ரெண்டு நிமிஷம் நிப்பான். தோ, அந்த மஞ்ச கேட்டு, அதான் பாலத்து ஆஸ்பத்திரி. பாத்துக்குங்க. குத்தமே இல்லாத ஆஸ்பத்திரி.

எதுக்கு எழுந்துக்குது இது? வெயில் படுது போல. இந்தப் பக்கம் சீட்டு காலி இல்லியே. நவநீதம்! ஏ நவநீதம்! இது பாலம்! நம்மளுது கடைசி ஸ்டாப்பு! கண்டக்டர், அந்த ஊதாப் புடவை அம்மாவ ஒக்கார வையுங்க, கண்ணு தெரியாது, எடம் தெரியாம... எறங்குதே! பாத்து, பாத்து. கம்பியப் புடிச்சிகிச்சி. ஒரு பக்கமா திரும்பி, காலால படியத் தடவி... எறங்கிடுச்சி.

ஏம்மே! இங்க, ஜன்னலாண்ட வா! எங்க போற?

இன்னா? ஊசி போட்டுக்கவா? ஃபாரத்துல இன்னும் எழுதல நானு! கட்டம் காலியா இருக்குது, உள்ள உடமாட்டாங்க! எழுதிட்டியா? எப்ப? யாரக் கேட்டு எழுதின? காட்டு. கிட்டக் காட்டு.

தம்பி, என் கண்ணாடி பைலுக்குள்ள எங்கியோ இருக்குது, நீங்க எட்டி இதக் கொஞ்சம் படிங்க. ஆமா. இந்த ஆஸ்பத்திரி பேருதான். கட்டத்துக்குள்ள நிக்கல பாத்தீங்களா, வெளிய வந்துடுச்சி. ஒரு எழுத்து மேல, ஒரு எழுத்து கீழ. அவ கையெழுத்து இப்பிடி இருக்காது தம்பி. நான் சொன்னேனே. மணி மணியா...

கீழ இன்னா போட்டிருக்குது? 'நோயாளியின் கையொப்பம்'. அதுல? எ. நவநீதம். பேர முழுசாப் போட்டிருக்கா. மேல கட்டத்துல இன்னா அடிச்சிருக்குது, அத ஒரு தடவை படிங்க. 'நோயாளி விரும்பும்'. நோயாளின்னுதான் அடிச்சிருக்குதா? போர்டுலயும் அப்பிடித்தான் இருக்குது. என் லெட்டர்லயும் அப்பிடித்தான் எழுதியிருக்கேன். எல்லா லெட்டர்லயும்.

ஏழு மாசம் தம்பி.

இல்ல, தப்பு ஒண்ணுமில்ல. ரூல்படி சரியா இருக்குது. என் கையெழுத்துக்கு அதுல எடமே இல்ல.

நவநீதம். இரு, போவாத. அப்ப நான் இன்னா பண்ணட்டும்?

இன்னா சொல்லுது? ஆரன் அடிச்சிட்டான் சனியன், ஒண்ணும் கேக்கல. உங்களுக்குக் கேட்டுதா? வெளி பெஞ்சில ஒக்காரணுமா. ஃபிளாஸ்க்க வச்சிக்கணுமா. உள்ள வந்து யாரையும் ஒண்ணும் கேக்கக் கூடாதா. சரி. சரிம்மா. வரேன், அங்கியே நில்லு, தனியா கேட்டுக்குள்ள போவாத.

கால எடுங்க தம்பி, வழி உடுங்க, ஆர்டர் வந்துடுச்சி. பைலா? நீங்க பாலிகிளினிக்தானே போறீங்க, ரோஸ்லின்கிட்ட குடுத்துடுங்க. எதிராஜ் குடுத்தாருன்னு சொன்னா போதும்.

கண்டக்டர், விசில் ஊதாதீங்க, ஆள் எறங்குது.